பாப்பாத்தி அம்மாள் கோயில்

திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக வேண்டுமானால் தாமிரபருணியைக் கடந்தே தீர வேண்டும். ஆற்றின் மேற்குக் கரையில் ஓர் ஊர். கிழக்குக் கரையில் மற்றோர் ஊர். இடையில் சுலோசன முதலியார் பாலம். தை மாதத்தில் ஒருநாள் காலை, மதுரையிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கி, இருபது மாணவர்களையும் எங்கள் பள்ளியின் சித்திர ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பாலத்தின் மீது நடந்தோம். ஆற்றில் வெள்ளம் வடிந்து, நீர் கண்ணாடி போல் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைப்போர் ஒரு பக்கம். ஸ்நானம் செய்வோர் ஒரு பக்கம். பையன்களில் பாதிப் பேர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே மீன் தேடினார்கள்.

1843-ம் வருஷத்தில் கட்டி முடிந்த பாலம் இது. அதற்கு முன்பு, ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் ஓடத்தை நம்பித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஓடத்துறையில் நெரிசலும் சண்டையும், சில சமயம் உயிர்ச்சேதமும் உண்டாம். கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார், பாலம் கட்டும் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். அரசாங்கம் வசூல் செய்ய முயன்றது, பணம் சேரவில்லை, ஒரு மனிதர் தம் வீட்டுப் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டார். மனைவியின் நகைகளும் அதில் போயின என்று இன்றும் திருநெல்வேலிக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

"இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, யார் கொடுத்தார்களோ அவர்கள் பெயரை விடமாட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் அதற்கு இன்னொரு சாட்சியும் பார்க்கப் போகிறோம்" என்று பையன்களிடம் சொல்லி வைத்தோம்.

பாலம் தாண்டினால் கொக்கிரகுளம், பிறகு வண்ணார்பேட்டை, அதற்கப்பால் முருகன்குறிச்சி. அங்கே வானத்தைக் குத்துவது போல் ஒரு கூர்மையான கோபுரம் நிற்கிறது. ஊசிக் கோபுரம் என்றே அதற்குப் பெயர். ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1826-ல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் அது. திருநெல்வேலி அத்தியட்சாதீனத்துக்கு இதுவே தலைமைக் கோயில். பையன்கள் அதைக் கண்டதும், நாங்கள் பார்க்க வந்த இடம் அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். சித்திர ஆசிரியர் பையிலிருந்து காகிதத்தைக் கூட எடுத்துவிட்டார். அவரைத் தடுப்பது சிரமமாயிருந்தது. "இது பேத்தி, நாம் பாட்டியைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லித்தான் நகர்த்தினோம்.

பாட்டியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாயில்லை. "குளோரிந்தா கோயிலுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று பஸ் நிலையத்துக்கு அருகில் மூன்று பேரைக் கேட்டோம். மூவரும் கையை விரித்தார்கள். புத்தகங்களில் படித்த பெயரைக் கொண்டு ஊரில் வழி கேட்டால் இப்படித்தான் ஆகும். வாத்தியார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு தேநீர்க் கடைக்காரர்தான் எங்களைக் காப்பாற்றினார்.

"பாப்பாத்தி அம்மா கோயிலையா கேக்கிய? அப்படிச் சொல்லுங்க. கோட்டைக்குள்ளல்லா இருக்கு!"

கோட்டைக்குள் என்று அவர் சொன்னாரே தவிர, இப்போது கோட்டை ஏது? பாளையங்கோட்டை என்ற பெயரில்தான் அது பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மதில்களை இடித்துத் தள்ளிவிட்டார்கள். மேற்கு வாசலில் ஒரு கொத்தளம் தப்பிப் பிழைத்து, அதன் மேல் போலீஸார் குடியேறினார்கள். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று அதற்குப் பெயர் வந்தது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கோட்டை தென்பாண்டிச் சீமையின் கழுத்தில் வைத்த கத்தியாயிருந்தது. நாட்டுக்கு எஜமான் என்று பெயர் ஆர்க்காட்டு நவாபுக்கு. படையும் பீரங்கியும் ஆங்கிலக் கும்பெனிக்கு. கட்டபொம்மன் மீது 1799-ல் படை எடுத்ததற்கு இந்தக் கோட்டைதான் தளம். அவ்வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட பிறகு, தம்பி ஊமைத்துரையைக் கொண்டுவந்து அடைத்ததும் இங்கேதான். 1801 பிப்ரவரியில் அவர் இந்தச் சிறையிலிருந்து தப்பினார். விறகு விற்க வந்தவர்கள் போல் வேஷம் போட்டு வந்து அவரை மீட்டார்கள் என்பது கதை.

பையன்களுக்கு ஊமைத்துரையின் கதை நன்றாகத் தெரியும். அதைச் சொன்னதும் நடையிலே ஒரு வேகம் வந்துவிட்டது. அப்படியிருக்க, அதே கோட்டைக்குள், அந்தக் கும்பெனிச் சிப்பாய்களுக்கு நடுவில் வாழ்ந்த ஓர் அம்மாளைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள் சிறிது தயக்கம் இருந்தது. வெள்ளைக்காரனோடு வாழ்ந்தவள், மதம் மாறியவள் என்று இரண்டு வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறவர்களை நாங்கள் கேட்டிருக்கிறோம். எல்லாரும் வணங்கத்தக்க புண்ணியவதி என்று வேறு இரண்டு வார்த்தையில் முடிப்பவர்களும் உண்டு. இரண்டிலும் அந்த அம்மாள் அகப்படுவதாகத் தோன்றவில்லை.

கோயில் சிறியது. ஊசிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இன்னும் சிறியதாகத் தெரிகிறது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். வெளியிலே உச்சி வெயில். உள்ளே கால் வைத்தால் குளிர்ச்சி. கதவைத் திறந்துவிட்ட முதியவர் நாங்கள் யாரென்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றதும் மிகவும் சந்தோஷப்பட்டு, "வாங்க வாத்தியாரையா, பிள்ளைகளை இப்படி நிழலிலே உட்காரச் சொல்லுங்க" என்று உபசரித்தார். சித்திர ஆசிரியர் வாசற்படியின் ஓரத்தில் தம் கடையைப் பரப்பினார். பையன்கள் சம்மணங்கால் போட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் கதையைத் தொடங்கினோம்.

தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலம். அரண்மனையை அண்டிப் பிழைத்த மராட்டியப் பிராமணக் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. அத்தகைய ஒரு குடும்பத்துப் பெண் கோகிலா. சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். புருஷனோடு அவளையும் சிதையில் ஏற்றப் போகும் சமயத்தில் லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி குறுக்கிட்டு அவளை மீட்டான் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். உடன்கட்டை ஏறும் கொடுமையைச் சட்டத்தினால் தடுத்தது 1829-ல்தான். அதுவும் வங்காளத்தில் ராம்மோகன் ராயர் போன்றவர்கள் பல வருஷம் போராடிய பிறகு. இந்தக் கதை நடந்ததோ அதற்கு ஐம்பது வருஷங்களுக்கும் முன்பு. சிதையிலிருந்து மீண்ட பெண்ணுக்குப் பிறந்த வீடும் கிடையாது, புகுந்த வீடும் கிடையாது. உயிரைக் காப்பாற்றியவன் பின்னால் போவதைத் தவிர வேறு வழி என்ன இருந்தது?

சிதையின் கதையைப் பரம்பரை சொல்கிறது. அதற்குப் பிற்பட்டதற்கு எழுத்துச் சாட்சியம் இருக்கிறது. எழுதி வைத்தவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1798-ல் தஞ்சாவூரில் கண்ணை மூடும் வரை நாற்பத்தெட்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாத ஜெர்மானியர் அவர். தமிழ் அவருக்கு நாவிலே பழகியிருந்தது. மராட்டியும் பாரசீகமும் தெரியும். ஹைதர் அலியிடம் தூது அனுப்ப ஆங்கிலேயர் ஆள் தேடியபோது, 1779-ல் அவரைத்தான் அனுப்பினார்கள்.

லிட்டில்டன் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் கற்பித்தான். கிறிஸ்து மதத்தின் கொள்கைகளையும் சொல்லிக் கொடுத்தான். விவாகம் செய்துகொள்வதாக வாக்குறுதியும் கொடுத்திருந்தான். ஆனால் செய்துகொள்ளவில்லை. அவனோடு இருந்த காலத்திலேயே அவள் ஸ்வார்ட்ஸிடம் போய், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். விவாகமின்றி ஒருவனோடு வாழும் ஸ்திரீயைச் சபையில் சேர்க்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காத பையன்.

"ஸார், தப்பு அந்தத் துரை மேலேதானே? கலியாணம் பண்ணிக்கொள்ளாதது அவர்தானே? அவரைக் கோயிலுக்கு வரவேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?"

நாங்கள் விடை சொல்லத் தடுமாறினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்வார்ட்ஸ் நேர்மையானவர், தம் மதத்தின் விதியை அவர் யாருக்காகவும் வளைக்கிறவரல்ல. ஆனால் விதி எப்போதும் பலஹீனர் மேல்தான் முதலில் விழுகிறது. பிறந்த சாதி அவளை நெருப்பில் தள்ளப் பார்த்தது. காப்பாற்றியவன் வீட்டில் இடம் கொடுத்தான். மனைவி என்ற ஸ்தானம் கொடுக்கவில்லை. புதிய மதமோ, அவளுக்கு மனைவி என்ற ஸ்தானம் இல்லை என்பதைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டது. மூன்று வாசலிலும் நின்று பார்த்துத் திரும்பிய பெண் அவள். அவளுக்கு யாரிடமாவது கசப்பு இருந்திருந்தால் அது அநியாயமென்று சொல்லமாட்டோம். பையனிடமும் அப்படியே சொன்னோம். அவன் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டான்.

லிட்டில்டன் பாளையங்கோட்டையில் இறந்தான். அவளுக்கு என்று பொருள் விட்டுப் போனான் என்பர். 1778-ல் ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவள் மறுபடியும் அவரிடம் சென்று கேட்டாள். துரை இறந்த பிறகு அவள் நடந்துகொண்ட விதத்தை அவர் விசாரித்தார், இம்முறை மறுக்கவில்லை. குளோரிந்தா என்று பெயர் சூட்டி ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரு தடவை இல்லையென்று சொன்னவரிடமே இரண்டாம் தடவையும் போய்க் கேட்பதற்கு என்ன மனம் வேண்டும் என்பதை, ஒரு முறையாவது யாசித்துத் திரும்பியவர்கள் அறிவார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் அதற்கு முன்பே இல்லாமலில்லை. முத்துக் குளிக்கும் துறைகளில் பரதவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கரானார்கள். 1542-ல் சவேரியார் அந்தக் கடற்கரையில் வந்து இறங்கினார். பிராடஸ்டண்டு சபையின் கதைதான் பாளையங்கோட்டையில் தொடங்குகிறது. அங்கே சவரிமுத்து என்ற ஒரு கிறிஸ்தவர் அக்கம்பக்கத்தாருக்கு வேத புஸ்தகம் வாசித்துக் காட்டிவந்ததை 1771-ல் ஸ்வார்ட்ஸ் குறித்திருக்கிறார். அப்புறம் 1780-ல் சபைக்கு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். நாற்பது பெயர் கொண்ட பதிவேடு. திருநெல்வேலிச் சபையின் பூர்வ சரித்திரத்தை 1881-ல் புஸ்தகமாக வெளியிட்ட கால்டுவெல் ஐயர் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, இடையன்குடியில் வாழ்ந்தாரே, அவரேதான். அந்த நாற்பதில் முதல் பெயர் குளோரிந்தா, பிராமண ஸ்திரீ.

ஒரு முறை கதவு சாத்தப்பட்டவள் பெயர் ஏட்டின் முதல் வரியில் வந்தது. அவள் சாதிப் பெருமைக்காக அந்த இடம் கொடுத்தார்களோ, பொருளுக்காகக் கொடுத்தார்களோ என்று சந்தேகிப்பவர்கள் இருக்கலாம். அந்தச் சபையின் மற்ற அங்கத்தினரைப் பார்த்தால் வேறுவிதமாகத்தான் தோன்றுகிறது. பல சாதிக்காரர்கள், சிப்பாய்கள், வேலைக்காரர்கள், எழுத்து வேலை பார்ப்பவர்கள். பெரும்பாலும் கோட்டையை அண்டிப் பிழைத்த சாதாரண ஜனங்கள். இவர்களைக் கூட்டி வைத்தது யார், ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது, யார் பிரசங்கம் செய்வது, பிரசங்கிக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்விகளெல்லாம் வந்தபோது, விடை குளோரிந்தா அம்மாளிடம்தான் இருந்தது.

கோயில் கட்டும் காரியத்தை அந்த அம்மாளே மேற்கொண்டார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் சிலரிடம் போய் உதவி கேட்டு வாங்கினார். பெரும் பகுதி அவருடைய சொந்தப் பொருள். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். யாருடைய கூட்டத்தில் அவருக்கு மனைவி என்ற மரியாதை கிடைக்கவில்லையோ, அந்தக் கூட்டத்தாரின் வாசலுக்கே போய், கல்லுக்கும் மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் கை நீட்டியிருக்கிறார். தமக்கென்று கேட்டிருந்தால் கை நடுங்கியிருக்கும். பிறருக்காகக் கேட்பவர்களுக்கு அந்த நடுக்கம் இல்லை போலும்.

தஞ்சாவூருக்கும் போனார். ரயில் வருவதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முந்திய காலம் என்பதைப் பையன்களுக்கு நினைவூட்டினோம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. மதுரைச் சீமையும் காடும் கள்வர் பயமும் குறுக்கே இருந்தன. எந்தத் தஞ்சாவூரிலிருந்து நெருப்புக்குத் தப்பி வந்தாரோ, அதே தஞ்சாவூருக்கு, ஸ்வார்ட்ஸைக் கண்டு "எங்கள் சபைக்கு ஓர் உபதேசியாரை அனுப்புங்கள்" என்று கேட்கத் திரும்பிப் போனார். அந்த ஊருக்குள் நுழைந்தபோது அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை எழுதி வைப்பார் ஒருவருமில்லை. ஸ்வார்ட்ஸ் அவர் கோரிக்கையை எழுதினார். கோரினவரின் நெஞ்சை எழுதவில்லை.

1785-ல் கோயில் கட்டி முடிந்தது. திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பிராடஸ்டண்டுச் சபைக்கென்று எழுந்த முதல் கோயில் அதுவே. ஸ்வார்ட்ஸ் நேரில் வந்து பிரதிஷ்டை செய்தார். அந்தப் பிரயாணத்தில் தமிழுக்கும் ஒரு லாபம் உண்டாயிற்று. அச்சபையைச் சேர்ந்த தேவசகாயம் பிள்ளையின் குமாரன் ஒருவன், பதினோரு வயதுப் பையன், கெட்டிக்காரனாயிருப்பதைக் கண்டு, அவனைப் படிக்க வைப்பதற்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பிற்காலத்தில் சரபோஜி மகாராஜாவின் அன்புக்குப் பாத்திரமாகி, "பெத்லகேம் குறவஞ்சி" பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் அந்தப் பையன்தான். கோயில் கட்டியிராவிட்டால் ஸ்வார்ட்ஸ் அந்த வருஷம் வந்திருக்க மாட்டார். வந்திராவிட்டால் பையன் என்ன ஆகியிருப்பானோ? எங்களோடு வந்தவர்களில் நாலைந்து பேருக்கு அதே வயதுதான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உபதேசியாராக வந்த சத்தியநாதன் 1790-ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று, மறு வருஷம் பாளையங்கோட்டைக்கே வந்தார். குருப்பட்டம் பெற்ற நாளில் அவர் தமிழில் செய்த பிரசங்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் அச்சிட்டார்கள். வெள்ளைக்காரர் பேச நம்மவர் கேட்ட காலத்தில், தமிழர் பேச லண்டன் வாசித்தது ஒரு சிறு ஆச்சரியந்தான். 1799-ல் இந்தச் சபையின் கிளையாகத் தெற்கே முதலூர் என்ற கிராமம் உண்டாயிற்று. கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் கிராமம் என்பதால் அந்தப் பெயர். இந்தக் கதையெல்லாம் புஸ்தகங்களில் விஸ்தாரமாக இருக்கிறது. நாங்கள் கிணற்றுக்கு வருகிறோம்.

கோயிலுக்குச் சமீபத்தில் அம்மாள் ஒரு கிணறும் வெட்டுவித்தார். அதற்கும் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றுதான் பெயர். கோயிலைவிட அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லும்போதுதான் அந்த முதியவருக்கு உற்சாகம் பொங்கியது.

"கோயில் எங்களுக்குங்கய்யா. கிணறு எல்லாருக்கும்" என்றார்.

தண்ணீர்த் தர்மத்தின் அருமை திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பாய்ந்தாலும், ஆற்றிலிருந்து நாலு மைல் தெற்கே போனால் தேரிக்காடும் முள்ளும்தான். ஆனால் இந்தத் தேசத்தில் கிணறு என்றால் வெறும் தண்ணீர் மட்டுமல்ல. யார் இறைக்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும், யாருடைய குடம் படலாம், யாருடைய நிழல் படக் கூடாது என்ற சாஸ்திரங்கள் நம் கிணறுகளில் நீரை விட ஆழமாகக் கிடந்தன. 1927-ல் மஹாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்கு டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதற்கு நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்பு, பிராமண குலத்தில் பிறந்த ஒரு விதவை, பல சாதிக்காரர் கூடும் கோயிலருகே கிணறு வெட்டினார். பிறந்த வீட்டு முறைப்படி, அங்கே கூடியவர்களில் அநேகர் தொட்ட தண்ணீரை அவர் தொட்டிருக்கக் கூடாது. தொட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. நாற்பது பேரோடு ஒரே ஏட்டில் பெயர் எழுதிக்கொண்டவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பது அழகுமல்ல.

கிணற்றின் கதையை முதியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முன்பு எழுந்த அதே பையன் மறுபடியும் எழுந்தான்.

"ஸார், குளம் கோத்திரமெல்லாம் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பேரையும் மாற்றிக்கொண்டார்கள். பிறகு ஏன் பாப்பாத்தி என்கிறார்கள்?"

நல்ல கேள்வி. முதியவர் சிரித்தார். "ஊருக்கு வாயிலே நுழையிற பேர் அதுதான், தம்பி. குளோரிந்தா நுழையலே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அது மட்டுமல்ல என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பாதிரியாரை "ஐயர்" என்றும் அவர் மனைவியை "அம்மா" என்றும் அழைப்பது இந்தச் சீமைக் கிறிஸ்தவர்களின் பழக்கம். மேலே கால்டுவெல்லை அப்படித்தான் நாங்களும் குறிப்பிட்டோம். புதிய பொருளுக்குப் பழைய சொல்லைப் போர்த்துவது ஜனங்களின் சுபாவம். கோகிலா என்பது தகப்பன் வைத்த பெயர். குளோரிந்தா என்பது பாதிரியார் வைத்த பெயர். பாப்பாத்தி அம்மாள் என்பது ஊர் வைத்த பெயர். அந்த மூன்றில் எதையும் அவர் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. ஏதோ ஒரு ஜாதிச் சொல்லோடு "அம்மாள்" என்பதைச் சேர்த்து, அதை இருநூறு வருஷத்துக்கு மேல் வழி கேட்பவர்களுக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். எந்த ஜாதி அவரை விறகின் மேல் ஏற்றப் பார்த்ததோ, அந்த ஜாதியின் பெயரே கிணற்றின் மேல் நிலைத்துவிட்டது. இதில் சிரிப்பதா, வருந்துவதா என்று நிச்சயிக்க முடியாமல் நாங்கள் பேசாதிருந்துவிட்டோம்.

இந்தக் கதையில் நாவலுக்கு உரிய ரஸம் இருப்பதைக் கண்டவர் பெருங்குளம் மாதவையா. "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அவரேதான். திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்த பிராமணர், கிறிஸ்தவரல்லர். 1915-ல் "கிளாரிந்தா" என்று ஆங்கிலத்தில் ஒரு சரித்திர நாவல் எழுதினார். விதவைகளின் துயரத்தையும் பால்ய விவாகத்தையும் கண்டு வாழ்நாளெல்லாம் மனம் கொதித்தவர் அவர். தம் குலத்துப் பெண் ஒருத்தியை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நெருப்பிலிருந்து இழுத்துக் கொண்டுவரும் கதையை அவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்பது சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தில் எழுதினாரே என்று எங்களுக்கு ஒரு குறை இருந்தது. அறுபது வருஷம் கழிந்த பிறகுதான் அது தமிழில் வந்தது. எங்கள் பள்ளி நூல் நிலையத்திலே அந்தப் புஸ்தகம் இல்லை, வாங்கிவைக்க எழுதியிருக்கிறோம்.

குளோரிந்தா அம்மாள் 1806 வரை வாழ்ந்தார் என்பர். அப்படியானால் கட்டபொம்மன் மீது படை புறப்பட்டதை அவர் இந்தக் கோட்டையிலிருந்தே பார்த்திருப்பார். ஊமைத்துரை தப்பிய இரவில் எழுந்த கூக்குரலையும் கேட்டிருப்பார். பையன்கள் இதைக் கேட்டதும் பரபரப்படைந்தார்கள். "அவர் யார் பக்கம் ஸார்?" என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் கேட்டார்கள். சரித்திரத்தில் ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பது பரீட்சைப் புத்தகங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம். எந்தப் பக்கமும் இடம் கொடுக்காத ஒரு பெண், தாம் நிற்பதற்கு இடத்தைத் தாமே கட்டிக்கொண்டு, அதில் நாற்பது பேருக்கும் இடம் செய்தார் என்று சொன்னோம். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நாங்கள் அதற்காக வருத்தப்படவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சித்திர ஆசிரியர் வரைந்திருந்த படத்தைச் சுற்றிப் பையன்கள் கூடினார்கள். கோயிலைச் சிறிதாகப் போட்டு, கிணற்றைப் பெரிதாகப் போட்டிருந்தார். அளவு சரியில்லையே என்றோம். "பெரியவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வரைந்தேன், கை அப்படித்தான் போயிற்று" என்றார்.

புறப்படும்போது முதியவரிடம் ஒரு பையன் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றான். கேள்வி கேட்கும் அந்தப் பையனேதான். என்னவென்று அருகில் போய்ப் பார்த்தோம்.

"நாற்பது பேர் என்றீர்களே, முதல் பேர் தெரியும். பாட்டுப் பாடுகிறவருடைய அப்பா பேரும் சொல்லிவிட்டீர்கள். பாக்கிப் பேர் பெயரெல்லாம் இந்தக் கோயிலில் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறதா, தாத்தா?"

முதியவர் சுவரைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை வைத்து, "அவங்க பேரன் பேத்திமார் ஞாயிற்றுக்கிழமை வருவாங்க, தம்பி. நீயும் வந்து பாரு" என்றார்.

பாலத்துக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆற்றில் யாரோ பெண்கள் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.